‘மூலாதே’ டிவிடி வாங்கலாமா? அதோடு, இந்தப் படத்துக்கு ஏன் புர்கினா ஃபாசோ?

ரொம்ப நாள் தேடி, போன மாதம்தான் இந்த டிவிடி கைக்கு வந்தது. உஸ்மான் செம்பேன் எழுதி, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் எடுத்து இயக்கிய ‘மூலாதே’, 2004இல் வந்த படம், இரண்டு மணி நேரத்துக்கு நாலு நிமிடம் கூட. ஏற்கெனவே யாரோ வைத்திருந்த பழைய பிரதிதான், அட்டையின் ஓரம் கிழிந்திருந்தது, ஆனால் தட்டில் ஒரு கீறல் கிடையாது. இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றாவது முறை அத்தையோடு பார்த்தேன். அத்தைக்கு ஆங்கில சப்டைட்டில் வேகமாகப் படிக்க வராது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன், அரை மணி நேரம் போனதும் “நீ சும்மா இரு, எனக்குப் புரியுது” என்று சொல்லிவிட்டார்.

நான் இதைத் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு திரைக்கதைப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் நடத்திய போராட்டம் பற்றி ஒரு படம், எந்த நாட்டில் எடுப்பாய், ஏன்? யோசிக்காமல் லைபீரியா என்று எழுதினேன். 2003இல் அதன் தலைநகர் மன்ரோவியாவில், உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொல்லி, கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள், அதிபர் சார்லஸ் டெய்லரைப் பேச்சுவார்த்தைக்குப் போக வைத்தார்கள், கானாவின் தலைநகர் அக்ராவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போய்க் கூட்டம் நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர்களை வழிநடத்திய லேமா போவீக்கு 2011இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. இதைவிட ஒரு படத்துக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பயிற்சி கொடுத்தவர் என் தாளைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “நீ நாட்டைத் தேர்ந்தெடுத்தாயா, இல்லை கதையைத் தேர்ந்தெடுத்தாயா?”

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இந்த டிவிடியில்தான். அதனால் இது படத்தைப் பற்றிய விமர்சனம் என்பதோடு, அந்தத் தேர்வைப் பற்றியதும்.

முதலில் கதை. முடிவுவரை சொல்லப் போகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தாலும் படத்தின் பலம் குறையாது, ஆனாலும் தெரியாமல் பார்க்க வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு டிவிடியை வாங்கிவிடுங்கள்.

ஒரு சின்ன ஊர். சிறுமிகளுக்குப் பிறப்புறுப்பை அறுக்கும் சடங்கு நடக்கும் நாள். ஊரில் அதைச் ‘சுத்திகரிப்பு’ என்கிறார்கள். ஆறு சிறுமிகள் ஓடிவிடுகிறார்கள். நான்கு பேர் கொல்லே அர்தோ என்ற பெண்ணின் வீட்டுக்குள் வந்து நிற்கிறார்கள். ஏன் அவள் வீடு என்றால், ஏழு வருடத்துக்கு முன்னால் தன் மகள் அமசத்துவுக்கு அந்த அறுப்பு வேண்டாம் என்று மறுத்தவள் அவள். கொல்லே வாசலுக்குக் குறுக்கே ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகிறாள். அவ்வளவுதான் கோட்டை. சின்னப் பிள்ளைகூடத் தாண்டிப் போய்விடும் உயரம். ஆனால் அந்தக் கயிறு ‘மூலாதே’. நம் மொழியில் அடைக்கலம் என்றால் மிகச் சரியாக இருக்கும், வேறு சொல் தேட வேண்டியதில்லை. அதைக் கட்டியவளே ஒரு சொல் சொல்லி அவிழ்க்கும்வரை யாரும் உள்ளே வந்து அந்தப் பிள்ளைகளைத் தூக்கிப் போக முடியாது. முன்னொரு காலத்தில் மூலாதேயை மீறிய அரசன் ஒருவன் மண்புற்றாகிப்போனான் என்பது ஊர் நம்பிக்கை, அந்தப் புற்று மசூதிக்கு அருகிலேயே நிற்கிறது. புற்றைக் காட்டியதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொல்லே வெளியிலிருந்து எதையும் கடன் வாங்கவில்லை என்பதுதான். சடங்கும் ஊர் வழக்கம், அடைக்கலமும் ஊர் வழக்கம். ஒரு வழக்கத்தை நிறுத்த அதைவிட மூத்த இன்னொரு வழக்கத்தைக் கையில் எடுக்கிறாள். நாட்டாமைகளுக்கு அதனால்தான் கை ஓடவில்லை, அவளைப் பட்டணத்துக்காரி என்றோ வெள்ளைக்காரர் பேச்சைக் கேட்டவள் என்றோ தள்ளிவிட முடியாது. ஊர் விட்டு ஊர் வந்து அமைப்பு தொடங்குபவரைக் கதாநாயகியாக்கும் படங்கள் எத்தனையோ உண்டு. இங்கே அப்படி ஒருவரும் இல்லை.

பிறகு ஆண்கள் கண்டுபிடிக்கும் காரணம்: ரேடியோ. பெண்கள் ராத்திரியில் ரேடியோ கேட்கிறார்கள், அதனால்தான் கெட்டுப் போகிறார்கள். வீடு வீடாகப் போய் ரேடியோக்களைப் பிடுங்கி மசூதி முன்னால் குவித்துத் தீ வைக்கிறார்கள். குவியலில் சில ரேடியோக்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, இப்போது நாட்டுக்கு வருகிறேன். செம்பேன் செனகல்காரர். 1923இல் காசமான்ஸ் பகுதியில் சிகென்ஷோர் ஊரில் பிறந்தவர், பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாவல்கள் எழுதியவர், நாற்பதை நெருங்கும்போது மாஸ்கோ போய்ச் சினிமா படித்தவர். அவருடைய முக்கியமான படங்கள் பலவற்றில் பேசுவது செனகலின் வோலோஃப் மொழி. செனகலில் 1999இலேயே இந்தச் சடங்குக்கு எதிராகச் சட்டம் வந்தாயிற்று. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1997 ஜூலையில், மலிகுண்டா பாம்பாரா என்ற செனகல் கிராமத்தின் பெண்கள் கூடி ‘இனி எங்கள் ஊரில் இது கிடையாது’ என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். சொந்த நாட்டில், கையெட்டும் தூரத்தில், கதையே தயாராக இருக்கிறது. நானாக இருந்தால் வண்டியைக் கட்டிக்கொண்டு நேராக மலிகுண்டாவுக்குத்தான் போயிருப்பேன்.

அவர் போகவில்லை. தன் கதைக்கு ஏற்ற ஊரைத் தேடி மாலி, கினி-பிசாவு, புர்கினா ஃபாசோ என்று பல நாடுகளில் அலைந்து, கடைசியில் புர்கினாவின் தென்மேற்கில் ஜெரிசோ என்ற ஊரைப் பிடித்திருக்கிறார். அந்த ஊர் மசூதிதான் அவரை நிறுத்தியது. மண்ணால் கட்டிய சின்ன மசூதி, சுவரெங்கும் மரக்குச்சிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் சாஹேல் பகுதியின் மண் மசூதிகளில் இந்தக் குச்சிகள் சாரமாகவும் பயன்படும், மழைக்குப் பிறகு மண் பூச ஆட்கள் அதில்தான் ஏறுவார்கள். உச்சியில் ஒரு தீக்கோழி முட்டை. படத்தில் வரும் ஒவ்வொரு பெரிய சம்பவமும் இந்த மசூதியின் கண் முன்னால்தான் நடக்கிறது. கேமரா திரும்பத் திரும்ப அதனிடம் வருகிறது. இதே கதையைக் கான்கிரீட் பள்ளிவாசலும் தகரக் கூரையும் உள்ள ஊரில் எடுத்திருந்தால், பழமை என்பதை வசனத்தில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மசூதிக்காக மட்டும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று முதலில் எனக்குச் சந்தேகம் இருந்தது. தேடிப் படித்தபோது மற்ற விஷயங்களும் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.

மொழியைப் பாருங்கள். தென்மேற்கு புர்கினாவில் சந்தை மொழி ஜூலா. மாலியின் பாம்பாராவும் ஜூலாவும் ஒன்றுக்கொன்று புரியும் அளவுக்கு நெருக்கம். ஐவரி கோஸ்ட்டின் வடக்கிலும் ஜூலாதான். ஆகவே இந்த ஒரு மூலையில் நின்று படம் எடுத்தால் மூன்று நாட்டுச் சனங்கள் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தான் இந்தப் படத்தின் முதல் பார்வையாளர்கள் என்று வைத்துக்கொண்டால், அதைவிட முக்கியமான கணக்கு வேறு இல்லை. சினிமாவை இரவுப் பள்ளிக்கூடம் என்று சொன்னவர் செம்பேன். அதைச் சொல்லிவிட்டுத் தன் வோலோஃபிலேயே படம் எடுத்து மற்றவர்களைச் சப்டைட்டில் படிக்கச் சொல்லவில்லை, மொழியை மாற்றிக்கொண்டார்.

கொல்லேயாக நடித்த ஃபத்துமாதா குலிபாலி மாலிக்காரர், நடிகை, செய்தியாளர், இந்தச் சடங்குக்கு எதிராகத் தன் நாட்டில் பேசி வருபவர், அதை அனுபவித்தவரும்கூட. அவர் எல்லை தாண்டி வந்து நடித்தாலும் பேச்சு அந்நியமாகப் படவில்லை. படம் எடுத்த காலத்தில் மாலியில் தடைச் சட்டம் கிடையாது. அங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் இதற்கு ஆளானவர்கள். புர்கினாவில் நிலைமை வேறு. 1983 முதல் 1987 வரை ஆண்ட தோமா சங்காராவின் அரசே இதை எதிர்த்துப் பேசத் தொடங்கிவிட்டது, 1990இல் தேசியக் குழு அமைத்தார்கள், 1996இல் சட்டம் வந்தது, அது தாளில் தூங்காமல் வழக்குகளும் தண்டனைகளும் வந்தன, புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண் வந்தது. அதாவது ஒரு படக்குழு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனால் அரசு எதிரே நிற்காது, பின்னால் நிற்கும். பக்கத்து நாட்டின் நடிகை தன் நாட்டில் இன்னும் ஜெயிக்காத போராட்டத்தை, சட்டம் ஜெயித்த மண்ணில் நின்று நடிக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது முறை பார்த்தபோது அவர் முகத்தை நான் வேறு மாதிரி பார்த்தேன்.

அப்புறம் சினிமாத் தொழில். புர்கினாவின் தலைநகர் வாகடூகுவில் 1969 முதல் நடக்கும் ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழாவைத் தொடங்கியவர்களில் செம்பேனும் ஒருவர். சின்ன, ஏழை நாடு, ஆனால் விழா நடக்கும்போது ஊரே சினிமா பார்க்கும். நடிகர்கள் இருக்கிறார்கள், தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கொல்லேயின் கணவராக வரும் ரஸ்மானே உவெத்ராவோகோ அந்த நாட்டு நடிகர்தான். எண்பதை நெருங்கிய ஒரு இயக்குநர் மின்சாரம் இல்லாத தொலைதூர ஊரில் போய் உட்கார்ந்து படம் எடுக்கிறார் என்றால், பின்னால் நம்பிக்கையான ஆட்கள் இருந்தாக வேண்டும்.

இப்போது என் தாளில் இருந்த தவறு எனக்குத் தெரிகிறது. லைபீரியப் பெண்களின் கதைக்கு ஒரு விலாசம் இருக்கிறது. அந்த மீன் சந்தை, அந்தச் சாலை, அந்த அதிபர், அந்தத் தேதி. அதை வேறு நாட்டில் எடுத்தால் பொய்யாகிவிடும், அதனால் அங்கே தேர்வு என்ற பேச்சே எழாது. நைஜீரியாவின் அபேகுட்டாவில் ஃபுன்மிலாயோ ரன்சம்-குட்டி தலைமையில் சந்தைப் பெண்கள் வரிக்கு எதிராகப் போராடி, 1949 ஜனவரியில் அரசரே பட்டம் துறக்க வேண்டி வந்ததே, அதுவும் அப்படித்தான். 1977 ஆகஸ்டில் கினியின் கொனாக்ரியில் சந்தைப் பெண்கள் செகு தூரே அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கியதும் அப்படித்தான். ‘மூலாதே’ கதை ஏழெட்டு நாடுகளில் எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கலாம், இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கலாம். எங்கேயும் நடக்கும் கதையை எங்கே நிற்க வைப்பது என்பதுதான் உண்மையிலேயே கடினமான முடிவு. அதை மசூதி, மொழி, சட்டம், நடிகை, தொழிலாளிகள் என்று இத்தனையும் பார்த்து எடுத்திருக்கிறார் ஒரு மனிதர், எடுத்த பிறகு இது எந்த நாடு என்று படத்தில் பெரிதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

நடிப்பில் குலிபாலி ஒரு பக்கம் என்றால், முதல் மனைவி ஹஜாத்துவாக வரும் மைமூனா எலேன் ஜாரா இன்னொரு பக்கம். கொல்லே இரண்டாவது மனைவி. மூத்தவள் முதலில் தள்ளி நிற்கிறாள், பேசாமல் இருக்கிறாள், மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வருகிறாள். மூன்று மனைவிகள் ஒரே முற்றத்தில் இருக்கும் வீட்டில் சக்களத்திச் சண்டையைக் காட்டி நேரத்தை ஓட்டாமல், அவர்களுக்குள் உருவாகும் துணையைக் காட்டியது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது.

கணவன் கொல்லேயை ஊர் நடுவில் சாட்டையால் அடிக்கும் காட்சி நீளமானது, சொல்லிவிடுகிறேன். அந்த ஒற்றைச் சொல்லைச் சொல், அடைக்கலத்தை அவிழ்த்துவிடு என்று ஒரு கூட்டம் கத்துகிறது, சொல்லாதே, விழுந்துவிடாதே என்று இன்னொரு கூட்டம் கத்துகிறது, இரண்டு கூட்டத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். அவள் வாயைத் திறப்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு இரவுக் காட்சியில் கணவனோடு இருக்கும்போது வலி தாங்காமல் தன் விரலை இரத்தம் வரக் கடித்துக்கொள்கிறாள். இந்தச் சடங்கு ஒரு பெண்ணின் உடம்பில் எத்தனை வருடம் தொடர்கிறது என்பதை அந்த ஒரு விரல் சொல்லிவிடுகிறது. அமசத்துவைப் பெற்றெடுக்க வயிற்றைக் கிழிக்க வேண்டி வந்த தழும்பையும் அவள் மகளிடம் காட்டுகிறாள். அத்தை இந்த இடங்களில் ஒன்றும் பேசவில்லை. நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஊரில் கடை போட்டு ரொட்டியும் பேட்டரியும் விற்கும் ஒருவனைக் ‘கூலிப்படைக்காரன்’ என்று கூப்பிடுகிறார்கள், முன்பு ஐ.நா. அமைதிப்படையில் இருந்தவன். சாட்டையைப் பிடித்து நிறுத்துவது அவன்தான், அதற்காகவே ஊரார் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். நல்ல பாத்திரம், ஆனால் பெண்கள் இத்தனை பேர் நிற்கும் இடத்தில் அந்த அடியை நிறுத்த ஒரு ஆண் தேவைப்பட்டது எனக்கு உறுத்துகிறது. பாரிசிலிருந்து சூட்டும் பணமுமாக வரும் ஊர்த் தலைவரின் மகன் இப்ராஹிமாவும் கொஞ்சம் பொம்மைபோலத்தான் இருக்கிறான். அமசத்துவைக் கட்டிக்கொள்ளத் தயங்கியவன் கடைசியில் துணிந்து பேசும்போது வசனம் மேடைப்பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. செம்பேனுக்கு அந்தப் பழக்கம் உண்டு, சொல்ல வந்ததைச் சத்தமாகவே சொல்வார். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை, ஆனால் மெதுவாக நகரும் படங்களுக்குப் பழகியவர்களுக்கு உறுத்தலாம்.

ஆனால் கடைசிப் பகுதியில் பெண்கள் கூட்டமாக வந்து, சிவப்பு உடை போட்ட அறுப்புக்காரிகளிடமிருந்து கத்திகளைப் பிடுங்கி நெருப்பில் போடும்போது இந்தக் குறையெல்லாம் மனதில் நிற்பதில்லை. தாயே இழுத்துப் போய் அறுக்கக் கொடுத்த ஒரு சிறுமி செத்துப் போன பிறகு நடக்கும் காட்சி அது. கொல்லே பெரியவர்களின் சபைக்கு முன்னால் நின்று, மார்க்கம் இதைக் கட்டாயமாக்கவில்லை என்று பெரிய இமாமே ரேடியோவில் சொன்னதைச் சொல்கிறாள். எரித்த ரேடியோ பேசிவிட்டது. முடிவில் மசூதி உச்சியிலிருந்த தீக்கோழி முட்டை தொலைக்காட்சி ஆண்டெனாவாக மாறுகிறது.

டிவிடியைப் பற்றியும் நாலு வார்த்தை. படத்தின் நிறங்கள் நன்றாக வந்திருக்கின்றன, பெண்களின் துணிகள், அறுப்புக்காரிகளின் சிவப்பு, செம்மண், எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. போன்சானா மைகாவின் இசை கேட்க இதம். ஆங்கில சப்டைட்டில் எழுத்து சின்னது, வெள்ளைச் சுவர் முன்னால் வரும்போது சில வரிகள் காணாமல் போகின்றன, பெரிய டிவியில் போட்டால் சமாளிக்கலாம். தமிழ் சப்டைட்டில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். யாராவது செய்தால் நானும் கூட உட்காரத் தயார். எனக்கு விற்றவர் இரண்டு தட்டு என்று சொல்லி ஒன்றைத்தான் அனுப்பினார், கேட்டதற்குப் பதில் இல்லை, அதனால் பழைய பிரதி வாங்குபவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கான் விழாவில் 2004இல் அன் செர்தேன் ரெகார் பிரிவின் பரிசு இந்தப் படத்துக்குத்தான். அப்போது செம்பேனுக்கு 81 வயது. 2007இல் காலமானார், அன்றாட வீரம் என்று அவர் திட்டமிட்ட மூன்று படங்களில் இது இரண்டாவது, மூன்றாவது வரவே இல்லை.

வகுப்புக்காக என் தாளை மறுபடி எழுதினேன். இன்றைக்கு ஒரு குழு ஜெரிசோவுக்குப் போய் இப்படிப் படம் எடுப்பது நடக்காது. 2022இல் மட்டும் புர்கினாவில் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, ஆயுதக் குழுக்களால் ஊர் ஊராக மக்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். நான் இந்த முறை எழுதியது காம்பியா. அங்கே 2015இல் தடைச் சட்டம் வந்தது. அந்தத் தடையை நீக்க 2024 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்து, ஆரம்ப வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் பெற்றுவிட்டார்கள். பெண்கள் விடவில்லை, அந்த ஜூலையில் மசோதா தோற்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ஒன்றை மறுபடியும் காப்பாற்ற வேண்டிய நிலை. சபைக்குள் ஓட்டு எண்ணுகிறார்கள், வெளியே அந்தச் சடங்கை அனுபவித்த பெண்கள் காத்திருக்கிறார்கள். என் முதல் காட்சி அதுதான்.

டிவிடி விஷயத்துக்கு வந்தால், கிடைத்தால் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும். குழந்தைகளோடு பார்க்க வேண்டாம், பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணோடு பார்க்கலாம், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். என் பிரதி இப்போது அத்தை வீட்டில் இருக்கிறது, அவர் தன் தோழிகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.